அட்டைப்பெட்டியில் தொடங்கும் வடிவியல்

கரும்பலகையில் ஒரு கனச்சதுரத்தை வரைந்து "இதுக்கு எத்தனை முகம்?" என்று ஆறாம் வகுப்பில் கேட்டால், "மூணு" என்று சொல்லும் பிள்ளைகள் இருப்பார்கள். அந்தப் பதிலில் பிழை இல்லை. பலகையில் தெரிவது மூன்று முகங்கள்தான். அதிலும் முன்னால் இருப்பது மட்டும்தான் சதுரம். மேலேயும் பக்கத்திலும் நாம் வரைந்திருப்பவை இணைகரங்கள். "ஆறு" என்று சொன்ன பிள்ளை படத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, நினைவிலிருந்து சொல்லியிருக்கிறது. நடுநிலை வகுப்புகளில் வடிவியல் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தட்டையான தாளில் இருக்கும் கோடுகளைப் பார்த்து, கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருளை மனதுக்குள் எழுப்புவது தனியாகக் கற்றுத்தர வேண்டிய திறமை. கையிலிருக்கும் பொருளைத் தாளில் இறக்குவதும் அப்படித்தான். இந்த இரண்டையும் கற்றுத்தராமலேயே புறப்பரப்பு, கனஅளவு என்று சூத்திரங்களுக்குப் போய்விடுகிறோம். பிறகு எட்டாம் வகுப்பில் பிள்ளை எந்தச் சூத்திரத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் தவிக்கும்போது "கணக்கு வரல" என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

பாடநூலின் வழக்கமான வரிசை புள்ளி, கோடு, கோணம், முக்கோணம், நாற்கரம், வட்டம், கடைசியில் முப்பரிமாண உருவங்கள் என்று போகும். வடிவியல் ஏற்கெனவே தெரிந்தவருக்கு இது அழகான வரிசை. பதினோரு வயதுப் பிள்ளைக்கோ நீளமும் அகலமும் இல்லாத புள்ளிதான் இருப்பதிலேயே கடினமான விஷயம்; சோப்பு டப்பா எளிது. அதனால் முதல் வாரம் முழுக்கத் திண்ம உருவங்களோடு தொடங்குவது நல்லது என்பேன். பற்பசைப் பெட்டி, தீப்பெட்டி, மாத்திரை அட்டை வரும் பெட்டி, பவுடர் டப்பா, பிவிசி குழாய்த் துண்டு, பந்து, டார்ச் செல் என்று ஆளுக்கு இரண்டு பொருள் கொண்டுவரச் சொன்னால் மேசை நிறைந்துவிடும். எடுத்துக்காட்டுகளைத் தேர்வதில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். டம்ளரும் வாளியும் உருளை அல்ல. மேலே அகன்று கீழே குறுகியவை. முட்டை கோளம் அல்ல. தாளைத் தூக்கிக் காட்டி "இது இருபரிமாணம்" என்று சொல்வதையும் விட்டுவிடலாம். 500 தாள் கொண்ட ஏ4 கட்டு சுமார் 5 செ.மீ. உயரம் இருக்கிறது, அப்படியானால் ஒரு தாள் 0.1 மி.மீ. தடிமன் உள்ள கனச்செவ்வகம். இருபரிமாணம் என்பது தாள் அல்ல, தாளின் மேற்பரப்பு. இதைச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே சட்டென்று பிடிபடும்.

வந்த பொருள்களில் ஒன்றை மஞ்சப்பைக்குள் போட்டு, ஒரு பிள்ளையைக் கண்ணால் பார்க்காமல் கையால் தடவி விவரிக்கச் சொல்லுங்கள். உருவத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. "தட்டையா ரெண்டு பக்கம் இருக்கு, சுத்தி வழவழன்னு வளைஞ்சிருக்கு, கூர் முனை எதுவும் இல்ல" என்று அது சொல்ல, மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பெயருக்கு முன்னால் பண்புகள் வாயில் வருவதுதான் இந்த விளையாட்டின் பயன். அடுத்து ஒவ்வொரு பெட்டியையும் தாளில் வைத்து எல்லா முகங்களையும் சுற்றிப் பென்சிலால் வரையச் செய்தால், பற்பசைப் பெட்டியிலிருந்து ஆறு செவ்வகங்கள் கிடைக்கும், மூன்று சோடிகள். கனச்செவ்வகத்தின் மொத்தப் புறப்பரப்புச் சூத்திரம் அந்தத் தாளிலேயே இருக்கிறது, இன்னும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். இருபரிமாண உருவங்களும் இங்கேதான் பிறக்கின்றன. செவ்வகம் என்பது பெட்டியின் முகம், வட்டம் என்பது டப்பாவின் அடி.

நெதர்லாந்தில் பியர் வான் ஹீல, டினா வான் ஹீல-கெல்டோஃப் என்ற கணவன் மனைவி இருவரும் 1957-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேடுகள் இந்தச் சிக்கலைத் தெளிவாக விளக்குகின்றன. பிள்ளை முதலில் உருவத்தை ஒட்டுமொத்தத் தோற்றத்தால் அடையாளம் காண்கிறது. அடுத்த நிலையில் அதன் பண்புகளைக் கவனிக்கிறது. அதற்கடுத்த நிலையில்தான் பண்புகளுக்கு இடையிலான தொடர்பு புரிகிறது. "சதுரம் ஒரு செவ்வகமா?" என்ற கேள்வி மூன்றாம் நிலையைச் சேர்ந்தது. தோற்றத்தை வைத்தே பார்க்கும் பிள்ளையிடம் அதைக் கேட்டால் "இல்ல, சதுரம் சதுரம்தான்" என்றுதான் பதில் வரும். ஆசிரியர் ஒரு நிலையில் நின்று பேச, பிள்ளை இன்னொரு நிலையில் நின்று கேட்கிறது. வயது கூடினால் தானாக மேலே ஏறிவிடும் என்பதும் இல்லை. அதற்கேற்ற வேலை கையில் கிடைத்தால்தான் ஏறும்.

தோற்றத்தில் சிக்கிக்கொண்டதற்கான அறிகுறிகள் எளிதாகத் தெரியும். சதுரத்தை 45 பாகை திருப்பி வைத்தால் "டைமண்ட்" என்பார்கள். தலைகீழாக நிற்கும் முக்கோணத்தை முக்கோணம் இல்லை என்பார்கள். ஊசி போல் நீண்ட முக்கோணத்தை ஏற்க மாட்டார்கள். அச்சில் எல்லா முக்கோணமும் அடிப்பக்கம் கிடைமட்டமாக, அழகாக, ஏறக்குறைய சமபக்கமாக வருவதால் வந்த வினை இது. மருந்து, சார்ட் அட்டையில் வெட்டிய உருவங்கள். படத்தைச் சுழற்ற முடியாது, அட்டையைச் சுழற்றலாம். சுழற்றியபோது எதுவும் மாறவில்லை என்பதைக் கையே சொல்லிவிடும். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு 20 துண்டுகள் போதும். அதில் குறுகல் முக்கோணம், பட்டம், சரிவகம், ஒரு மூலை உள்ளே குழிந்த நாற்கரம், கிட்டத்தட்டச் செவ்வகம் போலத் தெரிந்தாலும் செவ்வகமல்லாத ஒரு இணைகரம் கட்டாயம் இருக்கட்டும். "நாலு செங்கோணம் இருக்கிறதெல்லாம் இந்தப் பக்கம்" என்று ஒரே ஒரு விதியைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால், சதுரம் தானே போய்ச் செவ்வகங்களோடு உட்கார்ந்துகொள்ளும். வாதம் எழும், எழட்டும். சமச்சீருக்கும் இதே துண்டுகள் உதவும். செவ்வகத்தின் மூலைவிட்டம் சமச்சீர்க் கோடு என்று ஏழாம் வகுப்பிலும் பலர் நம்புகிறார்கள். அதன் வழியே ஒரு தாளை மடித்துப் பார்த்தால் நம்பிக்கை அங்கேயே கலைந்துவிடும்.

பரப்பளவையும் சுற்றளவையும் குழப்புவது அடுத்த பெரிய சிக்கல். இரண்டும் ஒரே படத்தில், ஒரே எண்களால் கணக்கிடப்படுவதால் குழப்பம் இயல்பு. 24 செ.மீ. நூலை முடிச்சுப் போட்டுக் கட்டம் போட்ட தாளில் செவ்வகங்கள் செய்யச் சொல்லுங்கள். முடிச்சுக்குத் தனியாக நூல் விட வேண்டும். இல்லாவிட்டால் சுற்றளவு 22 ஆகிவிடும், விடைகள் ஒன்றும் பொருந்தா. 1×11 செவ்வகத்தின் பரப்பு 11, 2×10 என்றால் 20, 3×9 என்றால் 27, 4×8 என்றால் 32, 5×7 என்றால் 35, 6×6 என்றால் 36 ச.செ.மீ. வேலி ஒன்றுதான், நிலம் மாறிக்கொண்டே போகிறது. பிறகு தலைகீழாக, 24 சதுரங்களை வைத்து வெவ்வேறு செவ்வகங்கள் அடுக்கினால் சுற்றளவு 50, 28, 22, 20 என்று குறையும்.

இணைகரத்துக்கு நூல் போதாது, சட்டம் வேண்டும். கெட்டி அட்டையில் நான்கு பட்டைகள் வெட்டி, முனைகளில் துளையிட்டுச் சின்ன நட்டு-போல்ட்டால் இணைக்க வேண்டும். இங்கே எல்லாரும் செய்யும் தவறு, பட்டையின் நீளத்தைப் பக்கமாக எடுத்துக்கொள்வது. கணக்கில் வருவது துளையிலிருந்து துளைக்கு உள்ள தூரம். 10 செ.மீ. பக்கம் வேண்டுமென்றால் பட்டையை 12 செ.மீ. வெட்டி, இரு முனையிலும் 1 செ.மீ. விட்டுத் துளையிட வேண்டும். 10, 6 செ.மீ. பக்கங்களுள்ள சட்டத்தைச் செங்கோணத்தில் கட்டத்தாள்மேல் வைத்தால் உள்ளே 60 கட்டம். மெல்லச் சாய்த்துக் கோணம் 30 பாகைக்கு வரும்போது உயரம் 3 செ.மீ., பரப்பு 30. சுற்றளவு 32-லிருந்து நகரவே இல்லை. "பக்கத்தைப் பக்கத்தால் பெருக்கு" என்று இணைகரத்திலும் செய்யும் பிள்ளையிடம் இந்தச் சட்டத்தைக் கொடுத்து இன்னும் இன்னும் சாய்க்கச் சொல்லுங்கள். பக்கங்கள் அப்படியே இருக்க, பரப்பு பூஜ்யத்தை நோக்கிப் போகும்போது, உயரம் எதற்கு என்ற கேள்வி பிள்ளையிடமிருந்தே வரும்.

ஜியாமெட்ரி பாக்ஸில் உள்ள கருவிகளுக்கு ஒரு வகுப்பு முழுதாக ஒதுக்கினால், பின்னால் பல வகுப்புகள் மிஞ்சும். அளவுகோலின் ஓரமும் 0 என்ற கோடும் ஒன்றல்ல. பல பிள்ளைகள் ஓரத்திலிருந்து அளந்து 3 மி.மீ. குறைவாக எழுதுகிறார்கள். சிலர் 1-லிருந்து தொடங்குகிறார்கள். உடைந்த அளவுகோலைக் கொடுத்து, 4-லிருந்து 9 வரை இருக்கும் ஒரு கோட்டின் நீளத்தைக் கேட்டால் யாருக்கு என்ன புரியவில்லை என்று தெரிந்துவிடும். கோணமானியிலும் இதே கதை. மலிவான பிளாஸ்டிக் கோணமானியில் கீழ் ஓரத்துக்குச் சற்று மேலேதான் 0-180 கோடு இருக்கிறது. ஓரத்தைக் கதிரின்மேல் வைத்தால் எல்லாக் கோணமும் பிசகும். உள் அளவு, வெளி அளவு குழப்பத்துக்கு ஒரே தீர்வு, கருவியைத் தொடுமுன் "குறுங்கோணமா, விரிகோணமா?" என்று சொல்ல வைப்பது. குறுங்கோணம் என்று சொல்லிவிட்ட பிள்ளை 130 என்று எழுதாது. கவராயத்தில் திருகு தளர்ந்திருந்தால் வில் வரையும்போதே ஆரம் மாறும். மூடிய நிலையில் ஊசி முனையும் பென்சில் முனையும் சமமாக இருக்க வேண்டும். வழுக்கும் டெஸ்க்மேல் ஒற்றைத் தாளை வைக்காமல், அடியில் ஒரு நோட்டை வைத்தால் ஊசி நிற்கும்.

முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கிழித்துச் சேர்த்து 180 பாகை காட்டுவது எல்லாருக்கும் தெரிந்த செயல்பாடு. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மூலைகளைக் கத்தரியால் வெட்டக் கூடாது, கையால்தான் கிழிக்க வேண்டும். வெட்டினால் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று நேர் விளிம்புகள் வந்துவிடும்; எது முக்கோணத்தின் மூலை, எது வெட்டியதால் வந்த மூலை என்று தெரியாமல் கண்டதைச் சேர்த்து வைப்பார்கள். கிழித்தால் பிசிறு விளிம்பு தனியாகத் தெரியும். கிழிக்குமுன் மூன்று மூலைகளிலும் வண்ணம் தீட்டிவிட்டால் இன்னும் நல்லது. வகுப்பில் எல்லாரும் வெவ்வேறு முக்கோணம் வெட்டியிருக்க வேண்டும். 40 பிள்ளைகளும் சமபக்க முக்கோணம் வெட்டினால் அந்த வகுப்பு வீண். துடைப்பத்து ஈர்க்குச்சிகளை 3, 4, 5, 6, 8, 10 செ.மீ. நீளங்களில் வெட்டிக் கொடுத்து, எந்த மூன்று குச்சிகளால் முக்கோணம் அமையும் என்று தேடச் சொல்லலாம். 3, 5, 8 வைத்து முக்கோணம் வந்துவிட்டதாகச் சிலர் காட்டுவார்கள். குச்சியின் தடிமனும் வெட்டிய பிசகும்தான் அந்த ஒல்லி முக்கோணத்தை உண்டாக்குகின்றன. "முனை முனையா தொடணும்" என்று சொல்லி, அதே அளவுகளைக் கவராயத்தால் வரையச் செய்தால் இரு விற்களும் கோட்டின்மேலேயே தொட்டுக்கொள்வது தெரியும்.

இனி வலைகள், அதாவது பெட்டியை வெட்டித் தட்டையாக விரித்தால் கிடைக்கும் வடிவங்கள். இதுதான் இரண்டு பரிமாணத்துக்கும் மூன்று பரிமாணத்துக்கும் நடுவிலுள்ள வாசல், இதற்குத் தாராளமாக நேரம் கொடுக்கலாம். ஒரு கனச்சதுரப் பெட்டியை விளிம்போடு வெட்டி, துண்டாகாமல் தட்டையாக விரிக்க வேண்டும். 12 விளிம்புகளில் எப்படி வெட்டினாலும் சரியாக 7 வெட்டுகள்தான் வரும். 5 விளிம்புகள் மடிப்பாக நிற்கும். ஆறு முகங்களும் ஒன்றோடொன்று தொங்க ஐந்து இணைப்புகள் போதும், ஆறாவது இணைப்பு இருந்தால் தட்டையாக விரியாது. ஆறு சதுரங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி 35 வகையாக அடுக்கலாம். அவற்றில் 11 மட்டுமே கனச்சதுரமாக மடியும். அந்தப் பதினொன்றையும் வகுப்பே கண்டுபிடிக்கட்டும். மடியாதவை ஏன் மடியவில்லை என்பதில்தான் பாடம் இருக்கிறது. நான்கு சதுரங்கள் 2×2 ஆகச் சேர்ந்திருந்தால் ஒரு முனையைச் சுற்றி நான்கு செங்கோணம் தட்டையாக அடைத்துக்கொள்ளும். கனச்சதுரத்தின் முனையில் மூன்றுதான் சந்திக்க முடியும். ஐந்து சதுரம் வரிசையாக இருந்தால் ஐந்தாவது முதலாவதின்மேல் வந்து படியும். திருப்பிப் போட்டதும் கவிழ்த்துப் போட்டதும் ஒன்றே என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் எண்ணிக்கை 11-ஐத் தாண்டி எங்கோ போகும்.

செய்முறை: 5 செ.மீ. பக்கமுள்ள கனச்சதுரத்தின் சிலுவை வடிவ வலை 15×20 செ.மீ. இடம் பிடிக்கும், ஏ4 அளவு சார்ட்டில் ஒட்டுமடிப்புகளோடு அடங்கும். ஏழு வெட்டு இருப்பதால் ஏழு ஒட்டுமடிப்பு, ஒவ்வொன்றும் 1 செ.மீ. அகலம், இரு ஓரமும் சாய்வாக வெட்டப்பட்டது. மடிக்குமுன் எல்லா மடிப்புக் கோட்டின்மேலும் அளவுகோலை வைத்து, மை தீர்ந்த ரீஃபிலால் ஒரு முறை அழுத்தி இழுக்க வேண்டும். இதைச் செய்யாமல் மடித்தால் அட்டை வளைந்து மூலைகள் உப்பிப்போகும், பிள்ளை தன் கணக்குதான் தப்போ என்று குழம்பும். பசை தடவுமுன் செல்லோ டேப் கொண்டு ஒட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

உருளையின் வலையில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வரும். செவ்வகத்தின் மேலும் கீழும் வட்டம் வரைவார்கள். ஆனால் செவ்வகத்தின் நீளத்துக்கும் வட்டத்துக்கும் எந்த உறவும் இருக்காது. ஆரம் 3.5 செ.மீ. என்றால் செவ்வகத்தின் நீளம் 22 செ.மீ. வேண்டும், பெரும்பாலும் 7 அல்லது 14 என்று வரைந்திருப்பார்கள். பவுடர் டப்பாவைச் சுற்றித் தாள் ஒட்டி, அந்தத் தாளை நிமிர்த்திக் காட்டுவதுதான் வழி.

சுற்றளவுக்கும் விட்டத்துக்குமான விகிதத்தை வளையல் வைத்து அளப்பார்கள். வளையல் கடையில் 2.4, 2.6 என்று கேட்டு வாங்குவது உள்விட்டத்தை. புள்ளிக்குப் பின்னால் வருவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குகள். 2.4 என்றால் இரண்டே கால் அங்குலம், அதாவது சுமார் 57 மி.மீ. நூலையோ வளையலின் வெளியேதான் சுற்ற முடியும். 3 மி.மீ. தடிமனுள்ள வளையலில் வெளிவிட்டம் 63 மி.மீ., வெளிச்சுற்றளவு சுமார் 198. அதை 57-ஆல் வகுத்தால் 3.14-க்குப் பதில் 3.47 வரும், வகுப்பு கலவரப்படும். வெளிச்சுற்றுக்கு வெளிவிட்டத்தையே அளக்க வேண்டும். அளவுப் பிழை குறைய, ஐந்து சுற்றுச் சுற்றி ஐந்தால் வகுப்பது நல்லது.

முப்பரிமாண உருவத்தைத் தாளில் வரைவதற்கு ஐசோமெட்ரிக் புள்ளித்தாள் வேண்டும். விலைக்கு வாங்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் கோலம் போடுகிறவர்கள் எல்லாருக்கும் இந்தப் புள்ளி தெரியும். நேர்ப்புள்ளி என்பது சதுரக் கட்டம். ஊடுபுள்ளி என்பது முக்கோணக் கட்டம், அதாவது இதே ஐசோமெட்ரிக் அமைப்பு. 13 புள்ளியில் தொடங்கி இருபுறமும் 7 வரை குறைத்து வைக்கும் ஊடுபுள்ளிக் கோலம் ஒழுங்கான அறுங்கோணத்தில் நிற்கிறது, மொத்தம் 127 புள்ளிகள். தாளில் போடும்போது அளவு சரியாக இருக்க வேண்டும். ஒரு வரிசையில் புள்ளிகளுக்கு இடையே 2 செ.மீ. என்றால் அடுத்த வரிசை 1.7 செ.மீ. கீழே, புள்ளிகள் நடுவில் வருமாறு. அதையும் 2 செ.மீ. என்று வைத்துவிட்டால் கனச்சதுரம் அகலவாக்கில் இழுத்துவிட்டது போல் வரும். புள்ளி வைத்து முடித்ததும் தாளைக் கால்வட்டம் திருப்ப வேண்டும், 2 செ.மீ. இடைவெளிப் புள்ளிகள் இப்போது செங்குத்தாக நிற்கும். அச்சடித்த தாளிலும் பிள்ளைகள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். தாளைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு எவ்வளவு முயன்றாலும் நிற்கும் விளிம்பு கிடைக்காது.

வரையும் முறை எளிது. நமக்கு மிக அருகில் இருக்கும் செங்குத்து விளிம்பை முதலில் போட வேண்டும். அதன் மேல்முனையிலிருந்தும் கீழ்முனையிலிருந்தும் இடது சாய்வாக ஒன்று, வலது சாய்வாக ஒன்று. அவற்றை முடிக்கும் இரண்டு செங்குத்துகள். கடைசியில் மேல்முகத்தை மூடும் இரண்டு கோடுகள். மொத்தப் படத்திலும் கிடைமட்டக் கோடு ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் எங்கோ தப்பு. வரைந்தபின் முகங்களின் கோணத்தை அளக்கச் சொல்லுங்கள். படத்தில் 60, 120 பாகை. கையிலிருக்கும் கனச்சதுரத்தில் எல்லாம் 90. படம் என்பது பொருளின் நகல் அல்ல, சில விதிகளின்படி எழுதிய குறிப்பு என்பது அந்தக் கோணமானியிலேயே தெரிந்துவிடும்.

முன்பார்வை, மேற்பார்வை, பக்கப்பார்வை மூன்றையும் வரைவதற்கு முன்னால், ஒரு கண்ணை மூடிக்கொண்டு கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். நின்றபடி பார்த்தால் முன்முகமும் மேல்முகமும் சேர்ந்தே தெரியும், இரண்டையும் கலந்து வரைவார்கள். 2×2 அடித்தளத்தில், மூலைக்கு மூலை எதிரெதிராக இரண்டு இடங்களில் இரண்டடுக்கும் மற்ற இரண்டில் ஓரடுக்குமாக 6 கனச்சதுரங்களை அடுக்கினால், மூன்று பார்வைகளும் முழுதாக அடுக்கிய 8 கனச்சதுரங்களின் பார்வைகளைப் போலவே இருக்கும். 7 வைத்தாலும் அப்படியே. மூன்று பார்வை தெரிந்தால் பொருள் தெரிந்துவிடும் என்று பெரியவர்களும் நினைக்கிறோம். மேற்பார்வையின் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை அடுக்கு என்று எண் எழுதிவிட்டால் இந்த ஐயம் தீரும்.

2×2×2 அடுக்கின் படத்தைக் காட்டி எத்தனை கனச்சதுரம் என்று கேட்டால் வரும் பதில்கள் ஒவ்வொன்றும் ஒரு சிந்தனையைக் காட்டும். 12 என்றால் தெரியும் சதுரங்களை எண்ணியிருக்கிறது. மூலையில் இருப்பதை மூன்று தடவை. 24 என்றால் ஆறு முகத்தையும் எண்ணியிருக்கிறது. 7 என்றால் மறைந்திருப்பதை விட்டிருக்கிறது. திருத்த வேண்டியது மூவருக்கும் மூன்று விதம். கனஅளவை நீளம் × அகலம் × உயரம் என்று தொடங்காமல் அடுக்காகத் தொடங்குவது இதனால்தான். அடியில் 4×3, ஓர் அடுக்கில் 12. அப்படி 5 அடுக்கு, 60. அடுக்காகப் பார்க்கப் பழகிய பிள்ளைக்குப் பட்டகம், உருளை எல்லாவற்றுக்கும் "அடிப்பரப்பு × உயரம்" என்ற ஒரே எண்ணம் போதும்.

ஆளுக்கொரு 5 செ.மீ. கனச்சதுரம் செய்திருந்தால் 27-ஐச் சேர்த்து 15 செ.மீ. கனச்சதுரம் கட்டலாம். வெளிமுகங்களில் மட்டும் வண்ணத்தாள் ஒட்டிவிட்டுப் பிரித்தால், மூன்று முகம் வண்ணமுள்ளவை 8, இரண்டு முகம் 12, ஒரு முகம் 6, வண்ணமே இல்லாதது 1. முனை எட்டு, விளிம்பு பன்னிரண்டு, முகம் ஆறு என்ற எண்கள் அப்படியே திரும்பி வருகின்றன. தனித்தனியாக 27-இன் மொத்தப் புறப்பரப்பு 4050 ச.செ.மீ., சேர்த்தபின் 1350. கனஅளவு மாறவில்லை, பரப்பு மூன்றில் ஒன்றாகிவிட்டது.

விளிம்பு, முனைகளை எண்ணத் திண்மப் பெட்டியைவிடக் குச்சிச் சட்டகம் நல்லது. தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் போதும். அரவிந்த் குப்தா இந்த முறையை நாடெங்கும் ஆசிரியர்களிடம் கொண்டுசேர்த்தவர், 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். முக்கோணம் அசையாமல் நிற்கும், சதுரம் சாயும், கனச்சதுரச் சட்டகம் தொய்ந்து விழும். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு மூலைவிட்டம் என்று ஆறு நீளக் குச்சிகள் கொடுத்தால் நிமிர்ந்துவிடும். எண்ணும்போது மேலே, கீழே, நடுவில் என்று பிரித்து எண்ணப் பழக்குங்கள்: ஐங்கோணப் பட்டகத்துக்கு 5+5+5. முனை − விளிம்பு + முகம் = 2 என்ற கணித அறிஞர் ஆய்லரின் தொடர்பைப் பிள்ளைகளே அட்டவணையில் காண்பார்கள். உருளையையும் கோளத்தையும் அந்த அட்டவணையில் சேர்க்காதீர்கள். அந்தத் தொடர்பு தட்டையான முகங்கள் உள்ளவற்றுக்கு.

அலகு மாற்றம் சொல்லிச் சொல்லியும் நிற்காத இடம். 1 மீட்டர் 100 செ.மீ. என்றால் 1 ச.மீ. 10,000 ச.செ.மீ., 1 கன மீட்டர் 10 லட்சம் க.செ.மீ. இதை நம்ப வைக்க, ஒரு மீட்டர் குச்சிகள் 12 எடுத்து வகுப்பின் மூலையில் சட்டகம் கட்டி, அதனுள் 5 செ.மீ. கனச்சதுரத்தை வையுங்கள். அது போல் 8000 வேண்டும். வீட்டு மாடியிலிருக்கும் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி கொள்வதும் இந்த ஒரு கன மீட்டர்தான். செய்தியில் ஒரு செ.மீ. மழை என்று சொன்னால், 100 ச.மீ. மொட்டை மாடியில் அந்தத் தொட்டி நிறையும் அளவு விழுந்திருக்கிறது.

ஏ4 தாளை நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை சுருட்டினால் இரண்டு உருளைகள். பக்கப் பரப்பு இரண்டுக்கும் 623.7 ச.செ.மீ. கனஅளவும் ஒன்றே என்று வகுப்பு அடித்துச் சொல்லும். குட்டை உருளை சுமார் 1474 க.செ.மீ. கொள்கிறது, நெட்டை உருளை 1042 மட்டும். தாம்பாளத்தில் குட்டையை நிறுத்தி, அதனுள் நெட்டையை நிறுத்தி, நெட்டையைப் பொரியால் நிரப்பிவிட்டு மேலே உருவுங்கள். ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் தொட்டபடி டேப் ஒட்ட வேண்டும். ஏறினால் சுற்றளவு குறையும். கனஅளவுக் கணக்கில் ஆரத்தை ஆரத்தாலேயே பெருக்குவதால்தான் அகலம் வெல்கிறது.

கூம்பின் கனஅளவு, அதே அடியும் உயரமும் உள்ள உருளையில் மூன்றிலொரு பங்கு என்பதை மணல் ஊற்றிக் காட்டுகிறவர்கள் ஓரிடத்தில் ஏமாறுவார்கள். 9 செ.மீ. ஆர அரைவட்டத்தைச் சுருட்டினால் வரும் கூம்பின் சாயுயரம் 9, நேருயரம் 7.8 செ.மீ. உருளையை 9 செ.மீ. உயரத்தில் செய்துவிட்டால் மூன்று முறை ஊற்றியும் நிரம்பாது. 7.8-தான் வேண்டும், சுற்றளவு 28.3.

இதே மூன்றிலொரு பங்கை மணலே இல்லாமல், ஒரு பிரமிடை வைத்துத் துல்லியமாகக் காட்ட வழி இருக்கிறது. சீனக் கணித அறிஞர் லியூ ஹுய் கி.பி. 263-லேயே இந்தப் பிரமிடைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு கிடைக்கோடும் ஒரு நிலைக்கோடும் செங்குத்தாக வெட்டும் இடம் அ. அ-விலிருந்து வலப்புறமும் மேலேயும் 5 செ.மீ. எடுத்துச் சதுரத்தை முடியுங்கள். அச்சதுரத்தின் மூலைவிட்டத்தைக் கவராயத்தில் எடுத்து, அதே கோடுகளில் சதுரத்தைத் தாண்டி வலப்புறமும் மேலேயும் குறியுங்கள், அது 7.07 செ.மீ., எண்ணாக அளக்கத் தேவையில்லை. அ-விலிருந்து இடப்புறமும் கீழேயும் 5 செ.மீ. குறியுங்கள். நான்கு குறிகளையும் சதுரத்தின் அருகிலுள்ள மூலைகளோடு இணைத்தால் நான்கு செங்கோண முக்கோணங்கள். வெட்டி மடித்தால், உச்சி நடுவில் இல்லாமல் அ-வுக்கு நேர் மேலே நிற்கும் பிரமிடு. இதில் மூன்றைச் செய்து நீளமான விளிம்புகளை ஒன்றோடொன்று வைத்துச் சேர்த்தால், முன்பு செய்த அதே 5 செ.மீ. கனச்சதுரம். ஒன்றின் கனஅளவு மூன்றில் ஒரு பங்கு, அதில் ஐயத்துக்கே இடமில்லை.

தேர்விலும் கேள்வியை மாற்றலாம். "8, 5, 3 செ.மீ. அளவுள்ள கனச்செவ்வகத்தின் மொத்தப் புறப்பரப்பு காண்க" என்றால் 158 ச.செ.மீ. என்று சூத்திரம் போட்டு எழுதிவிடுவார்கள். "இதே அளவில் ஒரு பக்கம் திறந்த பெட்டி செய்ய எவ்வளவு அட்டை வேண்டும்?" என்று கேளுங்கள். எந்த முகம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து 118, 134, 143 என மூன்று விடைகள் உண்டு. மூன்றுக்கும் வலை வரையச் சொல்லி, விடைக்கு ஒரு மதிப்பெண்ணும் படத்துக்கு இரண்டு மதிப்பெண்ணும் கொடுத்தால் போதும்.